கதவுக்குப் பின்னால் நிற்கும் மட்டை: ஹர்லிங்கை நடத்தும் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

டப்ளின் குரோக் பார்க் மைதானத்தில் இருந்து ஜி.ஏ.ஏ. என்கிற கேலிக் விளையாட்டுச் சங்கத்தை நடத்தும் பெரியவர்களுக்கும், அயர்லாந்து முழுக்க மழையில் நனைந்துகொண்டு சின்னப் பிள்ளைகளுக்கு ஹர்லிங் என்கிற மட்டைப்பந்து ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர்களுக்கும்,

வணக்கம். என் வீட்டு வாசல் கதவுக்குப் பின்னால் 32 அங்குல ஹர்லி மட்டை ஒன்று போன மார்ச்சிலிருந்து சும்மா நிற்கிறது. கதவை வேகமாகத் திறந்தால் சரிந்து காலில் விழும். அதன் சொந்தக்காரனுக்குப் பதினான்கு வயது, மாடியில் செல்போனோடு படுத்திருக்கிறான். இரண்டு பேரையும் வைத்துத்தான் இந்த மடல்.

ஆங்கிலத்திலும் இதை எழுதி உங்களுக்கு அனுப்பிவிட்டேன். தமிழில் எழுதக் காரணம், இங்கே இருக்கிற தமிழ்ப் பெற்றோர் காதிலும் இது விழ வேண்டும் என்பது. அவர்களுக்கும் நடுவில் ஓர் இடத்தில் கொஞ்சம் திட்டு இருக்கிறது.

நான் கோவில்பட்டிக்காரன். கடலைமிட்டாய், தீப்பெட்டி என்றுதான் வெளியூரில் எங்களைத் தெரியும், ஆனால் ஊருக்குள் ஹாக்கிதான் பேச்சு. நானும் பள்ளிக்கூடத்தில் ரைட் அவுட் ஆடியவன், பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை, முட்டியில் தழும்பு மட்டும் மிச்சம். மனைவிக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்து நாங்கள் கிழக்குக் கார்க்கில் வந்து இறங்கிய முதல் வாரம், சாயங்காலம் நடக்கப் போனபோது ஒரு மைதானத்தில் பிள்ளைகள் மட்டையோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். அட, ஹாக்கி! என்று வேலியில் சாய்ந்து நின்றேன். ஒருத்தன் பந்தை மட்டையால் நெம்பித் தூக்கினான், கையில் பிடித்தான், நாலு எட்டு வைத்தான், மறுபடி மட்டை மேல் பந்தை உட்காரவைத்துக் கீழே விடாமல் ஓடினான், ஓடியபடியே மேலே போட்டு ஓங்கி ஒரு அடி. பந்து தலைக்கு மேலே எங்கோ போனது. என்னையறியாமல் "ஃபவுல்!" என்று கத்திவிட்டேன். திரும்பிப் பார்த்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

விளையாட்டைப் பார்த்திராத தமிழ் வாசகர்களுக்கு மட்டும் ரெண்டு வரி. ஒரு பக்கம் 15 பேர். கோல் கம்பம் ஆங்கில ஹெச் எழுத்து மாதிரி இருக்கும். குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு 3 புள்ளி. மேலே போனால் 1 புள்ளி. ஸ்லிட்டர் என்கிற பந்து கிட்டத்தட்ட கிரிக்கெட் பந்து அளவு, எடை அதைவிடக் குறைவு, உள்ளே தக்கை, மேலே தையல் துருத்திக்கொண்டிருக்கும் தோல். தரையில் கிடக்கும் பந்தைக் கையால் எடுக்கக் கூடாது, மட்டையால்தான் எழுப்ப வேண்டும். கையில் வைத்துக்கொண்டு நாலு எட்டுக்கு மேல் போகக் கூடாது. மட்டை ஆளின் தலைக்கு மேலே சுழலும். அப்படியிருந்தும் ஹெல்மெட் எல்லோருக்கும் கட்டாயமானது 2010ல்தான். இதையெல்லாம் ஆடுகிற யாருக்கும் சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை 82,000 பேர் முன்னால் ஆடிய ஆசிரியர் திங்கட்கிழமை வகுப்பில் வருகைப்பதிவு எடுப்பார்.

என் மகன் ஏழு வயதில் சேர்ந்தான். முதல் நாள் பயிற்சியாளர் அவன் கையைப் பார்த்துவிட்டு மட்டையை வாங்கி, இரண்டு கையையும் இடம் மாற்றி வைத்தார். நான் வீட்டில் சொல்லிக்கொடுத்தது ஹாக்கிப் பிடி: இடது கை மேலே, வலது கை கீழே. கிரிக்கெட்டிலும் அப்படித்தான். ஹர்லிங்கில் வலது கைக்காரனுக்கு வலது கை மேலே, ஏனென்றால் ஒற்றைக் கையால் மட்டையை வைத்துக்கொண்டு ஓடுவது அந்தக் கைதான், அடிக்கும்போது மட்டும் இடது கை கீழே வந்து சேர்ந்துகொள்ளும். நியாயமான திருத்தம், அதில் எனக்குக் குறை இல்லை. நான் இன்றைக்கும் தப்பாகத்தான் பிடிக்கிறேன்.

மட்டை வாங்கப் போனதும் மறக்காது. வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை, கணுக்கால் அளவுக்கு மரத்தூள், சுவர் முழுக்கச் சாத்திவைத்த ஆஷ் மரப் பலகைகள். அடிமரத்தில், வேர் வளைந்து விரிகிற இடத்திலிருந்துதான் மட்டை வெட்ட வேண்டுமாம், அப்போதுதான் மரத்தின் ரேகையே அடியில் உள்ள அகலமான பட்டையோடு சேர்ந்து வளையும், அடி வாங்கினால் பிளக்காது. அவர் பையனைப் பக்கத்தில் நிறுத்தி இடுப்பெலும்பு வரைக்கும் அளந்தார், ஒரு மட்டையை எடுத்துத் தரையில் ஊன்றி வளைத்துப் பார்த்தார், வேண்டாம் என்று வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். பட்டையைச் சுற்றித் தகரம் அடித்து, பிடிக்கு டேப் சுற்றி, முப்பது யூரோ. ஆஷ் மரங்களைக் காய வைக்கிற பூஞ்சை நோய் 2012ல் இந்த நாட்டில் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து மரத்துக்குத் தட்டுப்பாடு, இப்போது மூங்கிலிலும் செயற்கை இழையிலும் மட்டை வந்துவிட்டது. அவருக்கு மூங்கிலைப் பற்றிப் பேசவே பிடிக்கவில்லை. மூங்கில் விளைகிற நாட்டிலிருந்து வந்தவன் நான், வாயை மூடிக்கொண்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். பால் பண்ணையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபத்தெட்டு வயது. பேசுகிற ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் "பாய்" என்று சேர்த்துக்கொள்வார், கார்க்காரர்கள் எல்லோரும் அப்படித்தான், எங்கள் ஊர் "லே" மாதிரி. பழைய ஆட்டங்களின் பதிவை டிவியில் போட்டுச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். கறுப்பு வெள்ளைப் படம், சட்டை நிறம் தெரியாது. மட்டை ஒரு தடவை வீசப்பட்டால் போதும், அது எந்த ஊர்க்காரன் என்று சொல்லிவிடுவார்.

கார்க், கில்கென்னி, டிப்பரேரி எல்லாம் கவுன்ட்டிகள், நம் மாவட்டம் மாதிரி, ஒவ்வொன்றுக்கும் ஓர் அணி. கில்கென்னிக்காரன் மட்டையைக் குட்டையாகப் பிடிப்பான், வீச்சு சுருக்கமாக இருக்கும், எல்லாமே மணிக்கட்டில். நாலு பேர் சூழ்ந்து நிற்கிற இடத்தில், திரும்பவே இடமில்லாத இடத்தில் பந்தைத் தட்டி வெளியே எடுத்துவிடுவான். டிப்பரேரிக்காரன் வந்த பந்தை வந்தபடியே அடிப்பான், தரையில் வந்தாலும் ஆகாயத்தில் வந்தாலும் நிறுத்திப் பார்க்கிற பேச்சே கிடையாது. 1960களில் அவர்களுடைய கடைசித் தடுப்பு வரிசைக்கு ஊர் வைத்த பெயர் "நரகத்தின் சமையலறை", உள்ளே போனவன் வெந்துதான் வருவான். வெக்ஸ்ஃபோர்டுக்காரர்கள் 1950களில் உயரமான ஆட்களாக வந்து சேர்ந்தார்கள், ரேக்கர்ட் சகோதரர்கள் மூன்று பேர் அதில் உண்டு. தலைக்கு மேலே மட்டைகள் சுழலும்போது நடுவில் வெறும் கையை நீட்டிப் பந்தைப் பிடிக்கிற துணிச்சலை ஆட்டத்துக்குக் கொண்டுவந்தவர்கள் என்று அவர்களைத்தான் சொல்வார்கள். 1955, 1956 இரண்டு வருடமும் அகில அயர்லாந்துக் கோப்பை அவர்களுக்கு. 56 இறுதியாட்டத்தில் தோற்ற கார்க் அணியின் பேர்போன ஆட்டக்காரர் கிறிஸ்டி ரிங்கை, ஜெயித்த வெக்ஸ்ஃபோர்டு ஆட்களே தோளில் தூக்கிக்கொண்டு போனதைச் சொல்லும்போது பெரியவருக்குக் குரல் கம்மிவிடும், எத்தனை தடவை சொன்னாலும். ஆஃபலி சின்னக் கவுன்ட்டி, 1981 வரைக்கும் ஒரு கோப்பைகூட இல்லை. தரையோடு தரையாக அடித்தே 1998க்குள் நாலு தடவை ஜெயித்துவிட்டார்கள். கிளேர் 1995ல் ஜெயித்தது 81 வருடத்துக்குப் பிறகு. ஜெர் லாக்னேன் என்கிற பள்ளி ஆசிரியர் ஆட்களை விரட்டி விரட்டி ஓடவைத்து, மூச்சு வாங்காத ஓர் அணியை உண்டாக்கிய கதை அது.

வடக்கே ஆன்ட்ரிம் பக்கம் போனால் ஆட்டமே வேறு. அங்கே பழைய காலத்தில் குளிர்காலத்தில் ஆடியிருக்கிறார்கள், ஒல்லியான மட்டை, தரையை விட்டு எழாத பந்து, கடலுக்கு அந்தப் பக்கம் ஸ்காட்லாந்தில் ஆடுகிற ஷின்ட்டிக்கு அண்ணன் தம்பி. தெற்கில் கோடைக்கால ஆட்டம், அகலமான மட்டை, கையால் பிடிக்கவும் விடுவார்கள். 1884 நவம்பர் 1ஆம் தேதி டிப்பரேரியில் தர்லஸ் ஊரின் ஹேய்ஸ் ஹோட்டலில் மைக்கேல் குசாக் கூட்டிய கூட்டத்தில் உங்கள் சங்கம் பிறந்து, ஆட்டத்துக்கு ஒரே விதிமுறை வந்தபோது, தெற்கத்தி ஆட்டம்தான் சட்டமானது. அப்படி இருந்தும் அதற்குப் பிறகு நூறு வருடம் ஊருக்கு ஒரு கை, ஊருக்கு ஒரு வீச்சு இருந்தது. மட்டையின் பெயரில்கூட ஒற்றுமை இல்லை, கார்க்கில் ஹர்லி, கில்கென்னியில் ஹர்ல். எங்கள் ஊர் சாம்பாரும் கோயம்புத்தூர் சாம்பாரும் ஒன்றா என்ன.

2018ல் யுனெஸ்கோ ஹர்லிங்கையும், பெண்கள் ஆடும் ஹர்லிங்கான கமோகியையும் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபு என்று பட்டியலில் சேர்த்தது. அந்தச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பீர்கள். பட்டியலில் சேர்ந்தது எது? விதிப்புத்தகமா, இந்தக் கைகளா?

ஏன் கேட்கிறேன் என்றால், இன்றைக்கு எல்லாரும் ஒரே ஆட்டம் ஆடுகிறார்கள். லிமெரிக் 2018லும், அப்புறம் 2020லிருந்து 2023 வரை தொடர்ந்து நாலு தடவையும் ஜெயித்தது. பந்தை விடாதே, மட்டையாலேயே அளந்து அனுப்பு, பந்தைக் காலியிடத்துக்குக் கொண்டுபோய்த் தூரத்திலிருந்து கம்பிக்கு மேலே அடி. பிரமாதமான அணி, நானும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தவன்தான். 1999 இறுதியாட்டத்தில் கார்க் 13, கில்கென்னி 12, இரண்டும் சேர்த்து 25 புள்ளி, கோலே இல்லை. 2024ல் கிளேர் கார்க்கை ஒரு புள்ளியில் வென்றபோது, கூடுதல் நேரத்தையும் சேர்த்து, 3 கோல் 29க்கு எதிராக 1 கோல் 34. மொத்தம் 75 புள்ளி. யாராவது குறை சொல்வார்களா? பெரியவரும் சொல்லவில்லை. முழுசாகப் பார்த்துவிட்டு, "அழகாத்தான் இருக்கு பாய், ஆனா எவன் எந்த ஊருன்னு சட்டையைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கு" என்றார்.

பெரியவர்கள் எப்படி ஆடினால் எனக்கென்ன. என் கவலை, அந்த ஆட்டம் அப்படியே எட்டு வயதுப் பிள்ளைகள் மேல் வந்து இறங்குவது. சனிக்கிழமை காலை எந்த மைதானத்தின் ஓரத்திலும் நின்று கேளுங்கள். "கையில் எடு! எடு! அடிக்காதே, எடு!" ஈரப்புல்லில் கிடக்கிற பந்தை ஓடுகிற ஓட்டத்தில் மட்டையால் நெம்பிக் கையில் எடுப்பது இந்த ஆட்டத்திலேயே கஷ்டமான காரியங்களில் ஒன்று. அந்த வயதில் பத்தில் ரெண்டு பிள்ளைக்குத்தான் அது வரும். மற்ற எட்டுப் பேரும் பந்தைச் சுற்றிக் கோழி மண்ணைக் கிளறுகிற மாதிரி கிளறிக்கொண்டு நிற்கிறார்கள், அந்த ரெண்டு பேர் வந்து எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள், மற்றவர்கள் பின்னாடி நடக்கிறார்கள். தரையில் கிடக்கிறதை அப்படியே ஓங்கி அடி என்று சொன்னால் எட்டுப் பேருக்கும் வேலை இருக்கும், மட்டையில் பட்ட அந்த "டொக்" சத்தத்துக்காகவே அடுத்த வாரம் வருவான். ஆஃபலிக்காரன் நாலு கோப்பை வாங்கினது அந்த அடியால்தானே. அதைத் தப்பு என்று ஆக்கிவிட்டீர்கள். ஊர்ப் பாணிகள் மறைவதும் பிள்ளைகள் கழன்றுகொள்வதும் எனக்கு ஒரே நோயாகத் தெரிகிறது: பந்து கையைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம்.

எங்கள் ஹாக்கியில் இதைப் பார்த்தாயிற்று. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் முதல்முறை செயற்கைப் புல்தரையில் ஆடவிட்டார்கள். மண் தரையில், மேடு பள்ளத்தில், மட்டையும் பந்தும் ஒட்டிக்கொண்டது மாதிரி உருட்டிப் பழகிய இந்தியா ஏழாவதாக வந்தது. அதற்குப் பிறகு ஓட்டமும் உடம்பும்தான் ஆட்டம் என்றானது. நாங்களும் கற்றுக்கொண்டோம், பதக்கமும் திரும்ப வந்தது. ஆனால் எங்கள் ஊர்ப் பொட்டலில் பெரியவர்கள் காட்டிய சில கை வேலைகள் இப்போது யாருக்கும் தெரியாது, தேவையும் இல்லை. உங்களுக்கு அந்தக் கட்டாயம்கூட இல்லையே. தரை அதே தரை, புல் அதே புல்.

என் மகன் கதையைச் சொல்கிறேன், கிளப் பெயர் வேண்டாம், ஏனென்றால் இது ஒரு கிளப்பின் கதை இல்லை. பன்னிரண்டு வயது வரை "கோ கேம்ஸ்" என்று நீங்கள் வைத்திருக்கும் ஏற்பாடு தங்கம். எல்லோரும் ஆட வேண்டும், கோப்பை கிடையாது, புள்ளிப் பட்டியல் கிடையாது. அவனும் சந்தோஷமாகப் போனான். பதிமூன்றில் திடீரென்று ஏ அணி, பி அணி. அவன் நவம்பரில் பிறந்தவன், ஜனவரியில் பிறந்தவர்களுக்கு மீசை அரும்பிவிட்டது, இவன் அவர்கள் தோளுக்குத்தான் வருவான், அதனால் பி. சரி, பி என்றால் பி. அந்தக் கோடையில் பி அணிக்கு ஒன்பது ஆட்டம் போட்டிருந்தார்கள், நடந்தது நாலு. மற்றதெல்லாம், எதிர் அணியில் ஆள் சேரவில்லை என்று முந்தின நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு வரி. காலையில் ஹெல்மெட்டோடு வாசலில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையிடம் அதைப் போய்ச் சொல்ல வேண்டியது நான். அப்புறம் கவுன்ட்டி இளையோர் அணிக்கு ஆள் எடுத்தார்கள். அவன் கூட்டாளிகள் மூன்று பேர் போனார்கள், அவர்களுக்குத் தனிப் பயிற்சி, தனிச் சட்டை, தனி வாட்ஸ்அப் குரூப். பழைய குரூப்பில் பேச்சே நின்றுபோனது. மார்ச் மாதம் ஒரு நாள் சொன்னான்: "பெஞ்சில உக்காந்து நடுங்கணும்னா எதுக்குப்பா அவ்வளவு தூரம் போகணும், இங்கயே ஜன்னலைத் திறந்துவிட்டா போதும்ல."

அவனுடைய பயிற்சியாளரைப் பற்றித் தப்பாக ஒரு சொல் சொல்ல மாட்டேன். விடிகாலை மாடு கறந்துவிட்டு, சாயங்காலம் மறுபடி கறந்துவிட்டு, ரப்பர் பூட்ஸைக் கழற்றிவிட்டு வருகிற மனிதர். ஏ அணியையும் அவர்தான் பார்க்கிறார், பி அணியையும் அவர்தான் பார்க்கிறார். உங்கள் கட்டமைப்பு அவரிடம் கேட்பது கோப்பை. பி அணியில் எத்தனை பிள்ளை பதினாறு வயது வரை நின்றது என்று அவரை யாரும் கேட்டதில்லை, கேட்டால் அவர் அதைத்தான் செய்திருப்பார். 2018லிருந்து கவுன்ட்டி மைனர் அணியின் வயது வரம்பை 18லிருந்து 17 ஆக்கினீர்கள், தேர்வு எழுதுகிற பிள்ளைகளுக்குச் சுமை குறையட்டும் என்று. நல்ல எண்ணம்தான். ஆனால் மேலே ஒரு வயது குறைந்தால் கீழே தேர்ந்தெடுக்கிற வேலையும் ஒரு வயது முன்னாடி வந்துவிடுகிறது. பதினான்கு வயதில் ஒருத்தனைப் பார்த்து இவன் தேறமாட்டான் என்று சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. என்னைப் பார்த்து அப்படிச் சொன்னவர்கள் இருக்கிறார்கள், சரியாகத்தான் சொன்னார்கள், அது வேறு.

மகள் கமோகி ஆடுகிறாள். அதை நடத்துவது தனிச் சங்கம் என்று தெரியும், இருந்தாலும் இங்கே சொல்லிவிடுகிறேன். பெண்கள் ஸ்கோர்ட் என்கிற பாவாடை மாதிரி ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் ஆட வேண்டும் என்று விதி இருந்தது. 2024ல் மாற்றக் கேட்டார்கள், மாநாட்டில் தோற்றது. 2025 மே மாதம் டப்ளினும் கில்கென்னியும் ஆட ஷார்ட்ஸ் போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்கள், மாற்றாவிட்டால் ஆட்டமே கிடையாது என்று சொல்லப்பட்டு மாற்றிக்கொண்டு வந்து ஆடினார்கள். நாடே கேட்டது. அந்த மாதமே சிறப்பு மாநாடு கூட்டி 98 சதவீத ஆதரவோடு விதியை மாற்றினார்கள். ஒரு வருடத்தில் புத்தி வந்ததா, டிவியில் வந்ததால் வந்ததா என்று தெரியாது. பிள்ளைகள் விளையாட்டை விட்டுப் போகிறார்களே என்று கவலைப்படுகிறவர்கள் பல வருடம் சண்டை போட்டது ஒரு பாவாடைக்காக.

அடுத்தது ஜூலை. பல தலைமுறையாக இறுதியாட்டம் செப்டம்பர் முதல் ஞாயிறு. பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரம் வகுப்பு முழுக்க அதுதான் பேச்சு, கோப்பை வகுப்பறைக்கே வரும், பிள்ளைகள் தொட்டுப் பார்ப்பார்கள். இப்போது ஜூலையிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது, பள்ளிக்கூடம் மூடிக் கிடக்கிற நேரத்தில். கிளப் ஆட்டக்காரர்களுக்கும் ஒரு கோடை வேண்டும் என்பது நியாயம், அவர்கள்தான் பெரும்பான்மை, கவுன்ட்டி அணி தோற்கிற வரைக்கும் காத்துக்கிடந்தவர்கள் அவர்கள். அதனால் பழையபடி மாற்றுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஆகஸ்டு, செப்டம்பர் இரண்டு மாதமும் டிவியில் கவுன்ட்டி ஹர்லிங் ஆட்டம் ஒன்றும் இல்லை, பிரீமியர் லீக் கால்பந்து அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இருக்கிற கோடையிலும் எங்கள் தெற்கு மாகாணமான மன்ஸ்டரின் ஆட்டங்கள் சிலதைக் காசு கட்டினால்தான் இன்டர்நெட்டில் பார்க்கலாம், முதலில் ஜி.ஏ.ஏ.கோ, 2025லிருந்து ஜி.ஏ.ஏ. பிளஸ். நான் கட்டிவிடுவேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் வீட்டில் இன்டர்நெட்டே இல்லை. கார்க் ஆட்டம் பார்க்க அவர் எங்கள் வீட்டுக்கு வருவார், எங்கள் வீட்டு இட்லி அவருக்குப் பழகியது அப்படித்தான். 2025 இறுதியாட்டத்தையும் எங்களோடுதான் பார்த்தார். இடைவேளையில் கார்க் 6 புள்ளி முன்னால். இரண்டாம் பாதி முழுக்கச் சேர்த்து கார்க் அடித்தது 2 புள்ளி. டிப்பரேரி 15 வித்தியாசத்தில் ஜெயித்தது. அவர் எழுந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

இந்தக் கோப்பையை இதுவரை ஜெயித்த கவுன்ட்டிகளே கொஞ்சம்தான். 1999லிருந்து கணக்குப் பார்த்தால் ஆறே ஆறு. ஆன்ட்ரிம் 1943லும் 1989லும் இறுதிவரை வந்தது, வடக்கு மாகாணமான அல்ஸ்டருக்கு இன்னும் ஒரு கோப்பை இல்லை. இந்த நிலையில் 2023ல் உங்களிடமிருந்து ஒரு யோசனை வந்தது: கேவன், ஃபெர்மானா, லீட்ரிம், லாங்ஃபோர்ட், லௌத் ஐந்தையும் தேசிய லீக்கிலிருந்து எடுத்துவிடலாம், கிளப் எண்ணிக்கை போதவில்லை. எதிர்ப்பு கிளம்பி அது கைவிடப்பட்டது, நல்லவேளை. லீட்ரிமைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும். இராக்கில் ரமாடி ஊரின் அகதி முகாமில் பிறந்த குர்து இனப் பையன், ஜாக் மொராடி, சின்ன வயதில் 2002ல் குடும்பத்தோடு அங்கே வந்து சேர்ந்தான், பள்ளிக்கூடத்தில் யாரோ கையில் மட்டையைக் கொடுத்தார்கள். 2019ல் லீட்ரிம் சட்டை போட்டுக் குரோக் பார்க்கில் இங்கிலாந்திலிருந்து வந்த லங்காஷயர் அணியைத் தோற்கடித்து, கடைசி அடுக்கு அணிகளுக்கான லோரி மாகர் கோப்பை வாங்கினார்கள், அந்த அணியில் அவரும் இருந்தார். லீட்ரிமில் ஹர்லிங் வேண்டாம் என்று முன்னாடியே முடிவு பண்ணியிருந்தால் அந்தப் பையன் கையில் எதைக் கொடுத்திருப்பார்கள்?

எங்கள் கார்க்கிலேயே ஷான் ஓக் ஓ ஹால்பின். பிறந்தது ஃபிஜி, அம்மா அந்த ஊர்க்காரர். 2005ல் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு முழுப் பேச்சையும் ஐரிஷ் மொழியில் பேசினார். 2022 கணக்கெடுப்பில் இந்தியக் குடியுரிமை வைத்திருப்பவர்கள் மட்டும் 45,000 பேருக்கு மேல் இந்த நாட்டில். கிராமத்துக் கிளப்புகளில் ஆள் இல்லை, ரெண்டு மூன்று ஊர் சேர்ந்து ஒரு அணி போடுகிறீர்கள். பிள்ளைகள் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார்கள். ஆனால் உறுப்பினர் பதிவு எப்போது, எங்கே என்பது ஏற்கனவே உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் தெரிகிற ரகசியம். எனக்கே பள்ளிக்கூட வாசலில் ஒரு அம்மா சொல்லித்தான் தெரியும், அதுவும் மழைக்கு ஒதுங்கிய இடத்தில்.

தமிழ்ப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டியது இங்கேதான். மட்டை தலையில் பட்டால்? பல் போனால்? என்று கேட்கிறீர்கள். ஹெல்மெட்டில் முகத்துக்குக் கம்பி இருக்கிறது. என் வீட்டில் விளையாட்டால் போன ஒரே பல் என்னுடையது, ஹாக்கியில். ஞாயிற்றுக்கிழமை முப்பது கிலோமீட்டர் காரோட்டிக் கிரிக்கெட்டுக்குக் கூட்டிப்போகிறோம், வீட்டு எதிரே இருக்கிற மைதானத்துக்கு அனுப்ப மாட்டோம், அப்புறம் பையனுக்கு இந்த ஊரில் கூட்டாளியே இல்லை என்று அழுவோம். சரி, இதோடு விடுகிறேன்.

உங்களிடம் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. பன்னிரண்டு வயதில் நிறுத்துகிற அந்த "எல்லோரும் ஆட வேண்டும்" என்பதைப் பதினைந்து வரைக்கும் இழுங்கள். கவுன்ட்டிக்கு ஆள் எடுப்பது இரண்டு வருடம் தள்ளிப்போனால் கில்கென்னி ஒன்றும் ஹர்லிங்கை மறந்துவிடாது. பத்து வயதுக்குக் கீழே உள்ள ஆட்டங்களில் கொஞ்ச நேரமாவது பந்தைக் கையில் எடுக்கக் கூடாது, தரையோடுதான் ஆட வேண்டும் என்று வையுங்கள். அதைச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், எழுபது எண்பது வயதில், ஒவ்வொரு ஊரிலும் ரெண்டு பேராவது. அவர்களுக்கு லேப்டாப் தெரியாது. நாற்காலி போட்டு மைதானத்தில் உட்காரவைத்தால் போதும்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். போன ஞாயிறு மகள் அந்த 32 அங்குல மட்டையை எடுத்துக்கொண்டு பின்பக்கச் சந்துக்குப் போனாள், அவளுக்கு அது நீளம். பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு வந்து, பிடியில் கையைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, பந்தைச் சுவரில் உருட்டிவிடச் சொன்னார். திரும்பி வருவதை நிறுத்தாமல் அப்படியே அடிக்க வேண்டும். முதல் பத்துத் தடவை காற்றில் வீசினாள். அப்புறம் ஒன்று பட்டது, சந்து முழுக்கச் சத்தம். நானும் ஒரு மட்டையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். முக்கால் மணி நேரம். மேலே ஜன்னல் திறந்தது தெரியும், நான் பார்க்காத மாதிரி இருந்தேன். கொஞ்ச நேரத்தில் பையன் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே வந்தான். சுவரோரமாக நின்றான். மட்டையைக் கேட்கவில்லை, நானும் நீட்டவில்லை. "அப்பா, உன் கை தப்பா இருக்கு, மாத்து" என்றான். அதைச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான்.

அடுத்த வருடப் பதிவு தொடங்கும்போது லிங்க்கை எங்கள் தெருவுக்கும் அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கிழக்குக் கார்க்கில் குடியிருக்கும் ஒரு கோவில்பட்டிக்காரன்